நாலாவது ஆளின் குரல்

வாடகைக்கு எடுக்கும் விடுமுறை வீடுகளில் கத்தி எப்போதும் மொக்கையாகத்தான் இருக்கும். அதனால் எங்கே போனாலும் எங்கள் வீட்டுக் கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துப்போவது என் வழக்கம். அதை நீங்கள் தனியாக ஒரு பையில் போட்டு முத்திரை வைத்திருப்பதைப் பார்த்தேன். வீண் வேலை. அந்த ஒரு வாரத்தில் அது வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் தவிர எதையும் வெட்டவில்லை.

நான் பள்ளியில் கால அட்டவணை போடுகிறவன். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. ஐந்து பேர் ஆறு நாள் ஒரே கூரையின் கீழ் இருந்து, தாங்களே சமைத்துச் சாப்பிட்டு, தினமும் நடக்கப் போவதென்றால் அதற்கு ஓர் அட்டவணை வேண்டாமா? யார் சமைப்பது, யார் பாத்திரம் கழுவுவது, எந்த நாள் எந்தப் பாதை, ஈரத் துணியை எங்கே காயப்போடுவது என்று கட்டம் போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். ஐந்து பேர் என்றால் என் மனைவி, என் தங்கை, தங்கையின் கணவர், அவர்கள் மகள், நான். மகளுக்குப் பன்னிரண்டு வயது, எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவோம். தங்கையின் கணவர் பல் டாக்டர். நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். பதினான்கு வருடத்தில் எங்களுக்குள் ஒரு வார்த்தை தடித்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் காலையில் அவர் காபிக் கோப்பையோடு அட்டவணை முன்னால் நின்று, "மச்சான், இதை வானத்துக்கிட்ட காட்டுனீங்களா? அதுவும் சம்மதிக்கணும்ல?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

அங்கே வானம் ஒரு நிலையில் இல்லை என்பது உண்மைதான். காலையில் வெயிலடிக்கும், பத்து மணிக்குத் தூறும், மதியம் மூட்டம் போடும், நாலு மணிக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி வெயில். செவ்வாய்க்கிழமை என் அட்டவணைப்படி மலைப் பாதை. மாப்பிள்ளை பின்வாசலில் நின்று மூக்கைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டு, "இன்னைக்கு மேல வேணாம், ஆத்தோரமா போவோம்" என்றார். போனோம். மலைமேல் இடி இறங்கியதை ஆற்றங்கரையில் ரொட்டி தின்றுகொண்டே பார்த்தோம். புதன்கிழமை வெயில் வரும் என்றார், வந்தது. அதற்கப்புறம் யாரும் ஃப்ரிட்ஜ் கதவைப் பார்க்கவில்லை, அவர் மூக்கைத்தான் பார்த்தார்கள்.

புதன்கிழமை சமையல் என் முறை. சூப்பில் உப்பு தூக்கலாகிவிட்டது. "நகருங்க மச்சான்" என்று கரண்டியை என் கையிலிருந்து வாங்கி, எங்கள் கத்தியால் இரண்டு உருளைக்கிழங்கை அரிந்து போட்டு, ஏதோ செய்து சரியாக்கிவிட்டார். "டைம்டேபிள் மாமாவுக்கு மணி பாக்கத் தெரியும், உப்புப் பாக்கத்தான் தெரியாது" என்றார். வாலு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். அன்றிலிருந்து அவளுக்கு நான் டைம்டேபிள் மாமா. அவருடைய ஈரக் காலுறைகள் அடுப்புக்கு மேலே கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன. அட்டவணையில் வெளி வராந்தா என்று தெளிவாக எழுதியிருந்தேன்.

இதெல்லாம் காரணம் என்று நான் சொல்லவில்லை. வரிசையாகச் சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன்.

என் ஏற்பாடுகளில் ஒன்றை மட்டும் யாரும் கேலி செய்யவில்லை. பள்ளிச் சுற்றுலாக்களில் நான் வைத்திருக்கும் வழக்கம் அது. பனிமூட்டம் இறங்கினால் வரிசையாக நடக்க வேண்டும். சில நிமிடத்துக்கு ஒரு தடவை முன்னால் இருப்பவர் ஒன்று என்று குரல் கொடுக்க வேண்டும், பின்னால் வருபவர்கள் ஒவ்வொருவராக அடுத்த எண்ணைச் சொல்ல வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் எல்லோரும் நிற்க வேண்டும். இந்த வழக்கத்தால் இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பிள்ளையைக்கூட நான் தொலைத்ததில்லை.

வியாழக்கிழமை காலையில் நான் மழை வரும் என்றேன். மாப்பிள்ளை, "மூட்டம் மட்டுந்தான், மழை கிடையாது" என்றார். அவர் பேச்சைக் கேட்டு மலைமேல் போனோம்.

மேலே மூட்டம் பிடித்துக்கொண்டது. வரைபடம் பார்க்கத் தெரிந்த தங்கை முதலில், பிறகு வாலு, என் மனைவி, மாப்பிள்ளை, கடைசியில் நான். பத்தடிக்கு முன்னால் இருப்பவர் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது. மாப்பிள்ளை நாலு என்பதை ஒருபோதும் ஒழுங்காகச் சொல்லவில்லை. ஒரு தடவை ஆடு கத்துகிற மாதிரி, ஒரு தடவை ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி. ஒவ்வொரு தடவையும் முன்னாலிருந்து வாலுவின் சிரிப்பு கேட்டது.

ஓரிடத்தில் அவர் பாதையோரமாக ஒதுங்கித் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். கால் வைத்த இடத்தில் புல்லோடு மண் சரிந்தது. நான் தள்ளவில்லை. அவரை விட்டு நாலடி தள்ளி நின்றிருந்தேன். மழைத்தண்ணீர் அரித்த பள்ளம், ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும், அடியில் கணுக்கால் அளவு தண்ணீர். பெரிதாகச் சத்தம்கூட வரவில்லை. எட்டிப் பார்த்தேன். நெஞ்சில் அடிபட்டிருந்ததால் அவரால் மெதுவாகத்தான் பேச முடிந்தது.

"மச்சான், கால் போச்சுன்னு நினைக்கிறேன். அவங்கள நிக்கச் சொல்லுங்க."

அந்த நேரம் பார்த்துத் தங்கை ஒன்று என்றாள். வாலு ரெண்டு. என் மனைவி மூணு. பிறகு ஒரு இடைவெளி வந்தது. அவர் கீழேயிருந்து என்னைப் பார்த்தார்.

நான் ஆடு மாதிரி நாலு என்றேன். அப்புறம் என் குரலில் அஞ்சு என்றேன்.

"மச்சான்?" என்றார்.

"இங்கயே இருங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவரால் வேறெங்கும் போகவும் முடியாது.

அதற்குப் பிறகு ஏழு தடவை எண்ணினோம். கடைசியாக எண்ணியது அடிவாரத்து இரும்புக் கேட்டுக்குப் பக்கத்தில். கேட்டைத் தாண்டி இறங்கியதும் மூட்டம் விலகியது, மழை பிடித்தது, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன் என்றேன்.

தேட வந்தவர்கள் கடைசியாக அவர் குரலை எங்கே கேட்டீர்கள் என்றார்கள். இரும்புக் கேட்டுக்குப் பக்கத்தில் என்று மூன்று பேரும் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள். என்னிடமும் கேட்டார்கள். கடைசியாக எண்ணியது அங்கேதான் என்றேன். அதில் பொய் இல்லை. அதனால் இருட்டும்வரை கேட்டுக்குக் கீழே இருந்த சரிவையும் ஓடையையுமே தேடினார்கள். பள்ளம் நிரம்ப இரண்டு மணி நேர மழை போதும் என்று பிறகு சொன்னார்கள். மழை வரும் என்று காலையில் சொன்னது நான்தான். அதைத் தங்கையிடம் நான் சொல்லிக்காட்டவில்லை.

வெள்ளிக்கிழமை பாத்திரம் என் முறை. ஐந்து கோப்பைகளையும் கழுவிக் கவிழ்த்தேன். அடுப்புக்கு மேலே தொங்கிய காலுறைகளை எடுத்து வராந்தாவில் போட்டேன். மதியம் ஆடு மேய்ப்பவரின் நாய் அந்தப் பள்ளத்தைக் காட்டிக்கொடுத்தது.

கேட்டுக்கு அரை மணி நேரம் முன்னாலேயே விழுந்த ஆள் கேட்டுக்கிட்ட எப்படி நாலு சொன்னார் என்று நீங்கள் ஒருவர்தான் கேட்டீர்கள். ஒழுங்காக யோசிக்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். அதனால்தான் மறைக்காமல் சொல்கிறேன்.

பொறாமையா என்கிறீர்கள். எனக்கு அப்படி எதுவும் கிடையாது. முதல் தடவை சொன்னது பதற்றத்தில் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஏழு தடவை ஏன் என்றுதானே கேட்கிறீர்கள்? இரண்டாவது தடவை செய்தி வாசிக்கிற மாதிரி சொன்னேன். மூன்றாவது தடவை தும்மிக்கொண்டே சொன்னேன், அது அவர்கூடச் செய்யாதது. வாலு விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சொன்ன எதற்கும் அவள் இதுவரை அப்படிச் சிரித்ததே இல்லை. "அப்பா, இன்னொரு தடவ" என்றாள். குழந்தை ஆசையாகக் கேட்கும்போது எப்படி நிறுத்துவது, நீங்களே சொல்லுங்கள்.