கேப்டன் குணசீலன் அவர்களின் இடப்பக்கம்

மல்லசமுத்திரத்து மண் ஈன்ற மாவீரரே! பனிமலையில் படை நடத்தி, பின்னர்ப் பட்டறை நடத்த வந்த பண்பாளரே! இருபத்து மூன்று ஆண்டுகள் எங்கள் மேலாளராய் விளங்கி இன்று விடைபெறும் கேப்டன் நா. குணசீலன் அவர்களே! புதுச்சத்திரத்தில் லாரிக்குப் பாடி கட்டும் தொழிலாளர்கள் நாங்கள் ஒன்றுகூடி உரைக்கும் வணக்கம் இது!

புகழ்ந்தால் தங்களுக்குக் கோபம் வரும். கொண்டப்பநாயக்கன்பட்டி அன்பரசு தம் லாரியோடு வந்த அன்றே அதைக் கண்டோம். கார்கில் போரில் தங்களின் கீழ் நின்ற சிப்பாய் அவர். "குண்டு வெடிச்சு இடது காதுல ரத்தம் கொட்டக் கொட்ட, மூணு வாட்டி மேல ஏறி மூணு பேரத் தூக்கியாந்தாருங்க. ரெண்டாவது ஆளு நானுங்க. மூணாவது ஆளு பொழைக்கலீங்க" என்று அவர் கலங்கியபோது தாங்கள் குறுக்கே வந்து, "வண்டிக்கு என்ன பெயிண்டுன்னு மட்டும் சொல்லு, அன்பரசு" என்றீர்கள். கதை அத்தோடு நின்றது. மிச்சத்தைக் கேட்கும் துணிவு எங்களுக்கு இன்றுவரை வரவில்லை.

ஆனால் வீரத்தை மறைத்த தாங்கள் வேறொன்றையும் மறைத்தீர்கள்! அது அன்பரசு வருவதற்கு முன்பே எங்களுக்குத் தெரியும்.

தாங்கள் சேர்ந்த மூன்றாம் மாதம் அது. ஸ்டோர் பொறுப்பாளர் அமுதவல்லி போல்ட்டுப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் திடுக்கிட்டார். தங்கள் இடப்பக்கம் ஒரு லாரி பின்னோக்கி வருகிறது. தாங்களோ நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். "சார்! சார்!" என்று கத்தினார். தாங்கள் திரும்பவே இல்லை. ஓடி வந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். "கவனிக்கலைங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டு நகர்ந்தீர்கள். நகரும்போது தங்கள் கை இடது காதைத் தொட்டதை அவர் பார்த்துவிட்டார்.

அமுதவல்லி மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். காயத்தைக் காரணம் காட்டித்தான் இவரைப் படையிலிருந்து அனுப்பினார்கள். காது கேளாதது முதலாளிக்குத் தெரிந்தால் இந்த வேலையும் போகும். சொல்லாமல் விட்டால் ஒருநாள் உயிரே போகும். உயரத்தில் ஏறுவோருக்கு இடுப்புப் பெல்ட் வேண்டுமென்று முதலாளியோடு மல்லுக்கு நின்று வாங்கித் தந்த மனிதர் ஆயிற்றே! யோசித்து யோசித்து, மதியம் எங்கள் எல்லாரிடமும் சொன்னார்: "இவரு போயிட்டா இன்னொருத்தர் இப்படி வருவாருங்களா? காது கேக்காட்டிப் போகுது. அந்தப் பக்கம் நாம நின்னுக்கலாமுங்க."

நின்றோம்! தங்களோடு நடந்தவர் எல்லாரும் இடப்பக்கம் நடந்தோம். பேச வேண்டியவர் வலப்பக்கம் வந்து பேசினோம். ஒருவர் பின்னால் நின்று விசில் ஊதிக் கைகாட்டாமல் ஒரு லாரியும் பின்வாங்கவில்லை. அதைப் பார்த்துத் தாங்கள் பூரித்துப்போய், "நான் சொல்லாமலே கட்டுப்பாடு வந்துருச்சுங்களே!" என்று கூட்டத்தில் பாராட்டி, அதையே விதியாக்கிச் சிவப்புப் பெயிண்டில் எழுதி மாட்டச் சொன்னீர்கள். சிரிப்பை அடக்க நாங்கள் பட்ட பாடு பெரும்பாடு. அந்த விதியால் இந்தப் பட்டறையில் அதன்பின் ஒருவர் மேலும் வண்டி இடிக்கவில்லை. முதலாளி ஐயா இன்றுதான் இதைக் கேட்கிறார், பொறுத்தருள வேண்டும்.

இந்த ரகசியத்தை மேடையில் உடைத்துத் தங்களைத் திகைக்க வைப்பதே எங்கள் திட்டம். நேற்று மாலை அமுதவல்லி மைக்கை எங்கே வைப்பதென்று தடுமாறிக்கொண்டிருந்தார். அருகே வந்த தாங்கள் சொன்னீர்கள்: "வலது பக்கமே வெச்சுருங்க அம்மிணி. இடது பக்கத்துக்குத்தான் இத்தன வருசமா நீங்க எல்லாரும் இருக்கறீங்களே."

அமுதவல்லி ஸ்டோருக்குள் போய் அழுதார். நாங்களும் அழுதோம், ஐயா!

நோயின்றி, நோவின்றி, நிறைவோடு நெடுநாள் வாழ்க! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கள் துணைவியார் வசந்தாமணி அம்மையார் இப்போது மேடைக்கு வர வேண்டுகிறோம். அவர் தங்கள் இடப்பக்கம் வந்து நின்ற பிறகே நாங்கள் நகர்வோம்.

இங்ஙனம்,
தங்கள் இடப்பக்கத்து ஆட்கள்,
பட்டறைத் தொழிலாளர்கள், புதுச்சத்திரம்.