தட்டைக் காட்டு

பத்தே நிமிடத்தில் செய்துவிடலாம் என்று சொல்லப்படுகிற எந்தச் சாப்பாடும் பத்து நிமிடத்தில் ஆவதில்லை. நறுக்குகிற நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதே கிடையாது. எங்கள் வீட்டில் மட்டும் மாட்டிறைச்சியும் காய்களும் போட்ட நூடுல்ஸ் நிஜமாகவே பத்து நிமிடத்தில் ஆகிவிடும். நறுக்கித் தருவது என் அக்கா.

நேற்று, இந்த வார்டின் உணவு ஆலோசகரான நீங்கள் கொடுத்த மருத்துவமனைப் படிவத்தில் ‘நோயாளி வீட்டில் வழக்கமாக உண்பவை’ என்று ஒரு கட்டம் இருந்தது. அது பூர்த்தியானால்தான் நாளை மறுநாள் அக்காவை என்னோடு வீட்டுக்கு அனுப்ப முடியும் என்றீர்கள். அதில் இரண்டு வரிக்குத்தான் இடமிருக்கிறது. காலையில் கஞ்சி, இரவில் நூடுல்ஸ் என்று எழுதிவிட்டேன், அது போதாது. அதனால் தனித்தாளில் எழுதுகிறேன்.

அக்கா என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவள். முப்பத்தொரு வருடம் ஆயத்த ஆடைக் கம்பெனியில் துணி வெட்டினாள். மூன்று வருடமாக மறதி நோய். என் பெயர் அவளிடமிருந்து போய்விட்டது. சின்னி என்ற செல்லப்பெயர் மட்டும் நிற்கிறது. ஆனால் கத்தியைக் கொடுத்தால் கை எதையும் மறக்கவில்லை. பாதி உறைந்த இறைச்சியைப் பலகையில் வைத்து, விரலால் ஒரு முறை தடவிப் பார்ப்பாள்.

“துணிக்கு நூலோட்டம் பாக்கிற மாதிரி இதுக்கு நார் பாக்கணும்டி. நார் போற பக்கமே வெட்டினா செருப்பு. குறுக்க வெட்டினாத்தான் பல்லுக்கு அடங்கும்” என்பாள். தினமும் சொல்வாள், தினமும் புதிதாக.

நான் வேலையிலிருந்து வந்து குளித்துவிட்டு வருவதற்குள் எல்லாம் தயாராக இருக்கும். காகிதம் போல இறைச்சி, தீக்குச்சி போல கேரட், குடைமிளகாய், பீன்ஸ், முட்டைக்கோஸ், தனியாக வெங்காயத்தாள். இறைச்சியில் சோயா சாஸும் ஒரு ஸ்பூன் சோள மாவும் பிசிறிவைப்பேன். நூடுல்ஸை முக்கால் பதம் வேகவைத்துப் பச்சைத் தண்ணீரில் அலசுவேன். வாணலி புகையும்போது இறைச்சியைப் போட்டு இரண்டு நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். பிறகு இஞ்சி, பூண்டு, காய்கள். காய் நறுக்கென்று இருக்கும்போதே நூடுல்ஸையும் இறைச்சியையும் சேர்த்து ஒரு புரட்டு. அவ்வளவுதான். வாணலியைச் சூட்டோடு கழுவிவிடுவேன். சாஸ் காய்ந்துவிட்டால் சுரண்டவேண்டியிருக்கும்.

என் வேலை பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கம்பெனியில் தொலைபேசியில் புகார் கேட்கிறேன். ஒரு நாளைக்கு எண்பது பேர் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். எண்பது பேருக்கும் ஒரே குரலில் பதில் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்தால் அக்கா.

“சின்னி, நான் இன்னும் சாப்பிடலையே.”

“இப்பத்தானக்கா சாப்பிட்டே.”

கால் மணி நேரத்தில் மறுபடியும். ஒரு மாலைக்குள் ஏழு முறை, எட்டு முறை. அந்த நாட்களில் என் பதில் உண்மையாக இருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாயாக நினைவுபடுத்தி, விழுங்கினாளா என்று பார்த்து எழுந்திருக்க ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும். அதன் பிறகும் அந்தக் கேள்வி.

போன வருடம் ஒரு நாள் தலைவலியோடு வந்தேன். நான் சாப்பிட்டு முடித்தபோது அக்கா கேட்டாள். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. “இப்பத்தானக்கா சாப்பிட்டே.” சொன்ன பிறகுதான் அன்று அது பொய் என்று உறைத்தது. திருத்தியிருக்கலாம். அவள் பங்கு அடுப்பில் சூடாக இருந்தது. அக்கா தலையாட்டிக்கொண்டு போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வீடு அமைதியாக இருந்தது. நான் நாற்காலியில் கால் நீட்டிக்கொண்டேன்.

ஒரே ஒரு நாள்தானே என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு முறை அவள் நம்பவில்லை. “தட்டைக் காட்டு” என்றாள்.

இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அம்மா போனபோது எனக்கு ஆறு வயது. என்னைச் சாப்பிடவைத்தது அக்கா. நான் பீன்ஸைப் பொறுக்கி ஜன்னல் வழியே எறிந்துவிட்டு, குழம்பைத் தட்டு முழுக்க இழுவிக் கொண்டுபோய்க் காட்டுவேன். தட்டை விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்ப்பாள். “கழுதை, யாரை ஏமாத்தறே?” என்று காதைப் பிடித்து இழுத்துப்போய் மறுபடி போடுவாள். ஒரு நாளும் என்னால் ஏமாற்ற முடிந்ததில்லை. நான் காலித்தட்டைக் காட்டிய பிறகுதான் அடுப்படிக்குப் போய் மிச்சம் இருப்பதைத் தனக்குப் போட்டுக்கொள்வாள். ஒன்றும் இல்லாவிட்டால் தண்ணீர் குடித்துவிட்டு வந்து படுத்துக்கொள்வாள்.

ஆகவே தட்டைக் காட்டினேன். சுத்தமான தட்டில் கொஞ்சம் சாஸைத் தடவி, ஒரு துண்டு நூடுல்ஸையும் ஓரத்தில் ஒட்டவைத்தேன். அக்கா அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

“நல்ல பிள்ளை” என்றாள்.

தன்னைத்தானே பாராட்டிக்கொள்கிறாள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன், எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது. நாற்பத்தைந்து வயதில் முதல் முறையாக அக்காவை ஏமாற்றிவிட்டேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். கழுவிக் கவிழ்த்திருந்த வாணலியைப் பார்த்தாள். தண்ணீர் குடித்துவிட்டு வந்து படுத்துக்கொண்டாள். நோயில் வருகிற ஏதோ பழக்கம் என்று நினைத்தேன்.

எத்தனை நாள் என்று நினைவில்லை என எழுத வந்தேன். அது சரியல்ல. முதலில் வாரத்துக்கு ஒரு நாள், பிறகு மூன்று நாள். கடைசி நான்கு மாதம் எல்லா மாலையும். அவள் கேட்டபோதெல்லாம் சாஸ் தடவிய தட்டைக் காட்டினேன். காலையில் கஞ்சி கொடுத்தேன், அதில் குறை வைக்கவில்லை. மதியத்துக்கு மேஜைமேல் டப்பா வைத்துவிட்டுப் போவேன். சாப்பிட மறந்துவிடுவாள் என்று தெரிந்தே வைப்பேன்.

கீழ்வீட்டு அம்மாள் பகலில் எட்டிப் பார்ப்பார். ஒரு நாள் படியில் நிறுத்தினார்.

“ஏம்மா, உங்க அக்கா பசிக்குதுன்னு சொல்றாங்களே. ரெண்டு ரொட்டி குடுத்தேன், அப்படியே முழுங்கிட்டாங்க. பாவமா இருக்கு.”

“அது அந்த நோயோட குணம்மா. சாப்பிட்டதே ஞாபகம் இருக்காது. நீங்க பாட்டுக்குக் குடுத்துடாதீங்க, வயிறு கெட்டுரும்.”

“அப்படியா? எனக்கெங்க தெரியும். நல்லவேளை சொன்னே” என்றார். அதற்குப் பிறகு அவர் கொடுக்கவில்லை. அலுவலகத்தில் பேசுகிற அதே குரலில்தான் சொன்னேன்.

அக்காவுக்கு உடம்பு குறைவது தெரிந்தது, ஆனால் வேறு விதமாக. கண்ணாடி முன் நின்று ரவிக்கையின் பக்கவாட்டைப் பிடித்துப் பார்ப்பாள். “எவடி இதுக்கு அளவு எடுத்தவ? ரெண்டு இன்ச் தப்பு. இவளையெல்லாம் யாரு வேலைக்கு வச்சா?” என்று திட்டுவாள். பிறகு உட்கார்ந்து தானே பிடித்துத் தைப்பாள். கண் சரியாகத் தெரியாததால் ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது நான். வார்டு அலமாரியில் அவள் துணிப்பை இருக்கிறது. பச்சை ரவிக்கையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு தையல் ஓடியிருக்கும். நான்குக்கும் நூல் கோத்தது நான்தான்.

போன வாரம் குளியலறை வாசலில் விழுந்தாள். தூக்கியபோது ஒரு கையால் தூக்க முடிந்தது. டாக்டர் எடை பார்த்துவிட்டு, “இந்த நோய்ல இப்படி இளைக்கிறது சகஜம்மா. நீங்க உங்களையே குத்தம் சொல்லிக்காதீங்க. இவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்களே” என்றார். நான் நன்றி சொன்னேன்.

நேற்று மதியம் நர்ஸ் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். “உங்க அக்காவுக்கு என்ன பசி! தட்டை வழிச்சு வச்சிடறாங்க. ஆனா ஒரு துண்டு ரொட்டிய மட்டும் தலகாணிக்கு அடியில ஒளிச்சு வைக்கிறாங்க. கேட்டா சின்னி இன்னும் சாப்பிடலைங்கறாங்க. யாரு சின்னி? அவங்க பொண்ணா?”

“தங்கச்சி” என்றேன். எந்தத் தங்கச்சி என்று அவள் கேட்கவில்லை.

அக்காவிடம் போனேன். என் முகத்தைப் பார்த்தாள். காய்ந்துபோன ரொட்டியை எடுத்து என் கையில் வைத்தாள். “சாப்பிட்டுட்டுத் தட்டைக் காட்டு” என்றாள். நான் மென்று விழுங்கி, அவளுடைய காலித்தட்டையே எடுத்துக் காட்டினேன்.

“நல்ல பிள்ளை” என்றாள்.

அவள் எந்தத் தட்டைப் பார்க்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் சாஸ் தடவிக் காட்டிய தட்டுகளில் ஒன்றைக்கூட அவள் தன் தட்டு என்று நினைக்கவில்லை. எல்லாமே என்னுடையவை. சின்னி சாப்பிட்டுவிட்டாள், பீன்ஸைக்கூட எறியவில்லை. அந்த நிம்மதியில்தான் பேசாமல் போனாள். நான் அவளை ஏமாற்றவே இல்லை.

களைப்பினால் செய்தேன் என்று எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். நம்ப வேண்டாம். ஒருவருக்கு மட்டும் நான் சமைத்ததே கிடையாது. எல்லா நாளும் இரண்டு பேருக்குத்தான். அக்காவின் பங்கை என் டப்பாவில் போட்டு மறுநாள் அலுவலகத்துக்கு எடுத்துப்போவேன். “உங்க வீட்ல யாருங்க இவ்வளவு மெல்லிசா நறுக்கறது?” என்று பக்கத்து இருக்கைக்காரி கேட்பாள். எங்க அக்கா என்று பெருமையாகச் சொல்வேன்.

அவளை என்னோடு அனுப்பாதீர்கள். நான் திருந்திவிட்டதாக எனக்கே தோன்றுகிறது, அதனால்தான் சொல்கிறேன். படிவத்தின் கட்டத்தில் எழுதியிருப்பதை அடித்துவிடுங்கள்.

மேலே ஓரிடத்தில், அக்கா அடுப்படிக்குப் போனதை ஏதோ பழக்கம் என்று நினைத்ததாக எழுதியிருக்கிறேன். அதையும் அடித்துவிடுங்கள். அவள் எதைத் தேடிப் போகிறாள் என்பது ஆறு வயதிலிருந்து எனக்குத் தெரியும். அதனால்தான் அவள் வருவதற்குள் வாணலியைக் கழுவிக் கவிழ்த்துவைத்தேன்.