ஐம்பது உறைகள், முப்பத்தெட்டு இசைத்தட்டுகள்

மூன்றே முக்கால்.

வணக்கம் சொல்வதற்கு முன்பே மணி சொல்கிறாளே இந்தப் பெண் என்று நினைக்காதீர்கள். நான் முதலில் பார்த்தது அதைத்தான். ஓர் இசைத்தட்டின் உறைப் படத்தில், பாடகியின் இடக்கையில் ஒரு கைக்கடிகாரம். அதில் மணி மூன்றே முக்கால். மற்றதைப் பிறகு சொல்கிறேன். மேடை ஏறியவள் முதலில் வணங்க வேண்டும் என்று ரசிகர் மன்றத் தலைவர் மூன்று முறை சொல்லி அனுப்பியிருக்கிறார்.

தலைமை ஏற்றிருக்கும் எங்கள் இசைத்தட்டுக் கடை முதலாளி அவர்களே, "ரெண்டு வார்த்தை பேசிட்டு இறங்கிடு" என்று ஆணையிட்டுவிட்டு, என் கையில் இருக்கும் நான்கு தாள்களைக் கண்டு கலங்கி நிற்கும் கருணையே. முன்னிலை வகிக்கும் ரசிகர் மன்றத் தலைவர் அவர்களே, படம் என்று எதைக் கொடுத்தாலும் கண்ணாடிச் சட்டத்துக்குள் கச்சிதமாக அடைத்துத் தரும் கைவண்ணமே. முதல் வரிசையில் முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் பெரியோர்களே. ஒரு கையில் குழந்தையும் மறு கையில் விசிறியுமாகப் பாட்டுக்குக் காத்திருக்கும் தாய்மார்களே. மூன்றாம் வரிசையில், என்னை அழைத்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்ட, என்னைப் பெற்ற தாயே. இத்தனை பேரும் யாருக்காகக் கூடினோமோ, அந்த வெண்கலக்கா அவர்களே, உங்கள் எல்லோருக்கும் சரக்கறைப் பெண்ணின் வணக்கம்.

வெண்கலக் குரல் என்று யாரோ ஒருவர் எப்போதோ சொன்னார். நாளாக ஆகக் குரல் உதிர்ந்து வெண்கலம் மட்டும் பெயராக நின்றுவிட்டது. பெயரில் உதிர்ந்ததே தவிர, தொண்டையில் இன்னும் உதிரவில்லை.

பின்வரிசையில் ஒரு அண்ணன், "சத்தமா பேசும்மா" என்கிறார். அண்ணா, இதுதான் என் சத்தம். வீட்டில்கூட இதற்கு மேல் போனதில்லை. வேண்டுமானால் எங்கள் அம்மாவைக் கேளுங்கள், கண்ணைத் திறந்த பிறகு.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். ஆசிரியர் கேள்வி கேட்டால், விழாத பென்சிலை மேசைக்கடியில் தேடுகிறவள். இப்போது கடையின் பின்னறையில் இசைத்தட்டுகளைத் துடைக்கிறேன், அடுக்குகிறேன், கிழிந்த உறைகளை ஒட்டுகிறேன். இசைத்தட்டு யாரையும் கேள்வி கேட்பதில்லை. அதனால் எனக்கும் அதற்கும் ஒத்துப்போயிற்று.

ஆறு மாதத்துக்கு முன் தலைவர் கடைக்கு வந்தார். "அக்காவோட ஆல்பம் அம்பது ஆயிருச்சு. எது எப்ப வந்துச்சு, எத்தனை வித்துச்சு, என்ன பரிசு வாங்குச்சு, மறுபடி எப்ப வெளியிட்டாங்க, எல்லாம் சேர்த்து ஒரு புத்தகம் போடணும்" என்றார். முதலாளி என்னைக் காட்டினார். "இவ போடுவா. பேச மாட்டா, எழுதுவா." என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்றிதழ் அதுதான்.

ஐம்பது என்று எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்க்க மன்றத்துக்குப் போனேன். சுவர் முழுக்க ஐம்பது சட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் உறை. உறைக்குள் தட்டு. தட்டின் மேல் கண்ணாடி. கண்ணாடியைச் சுற்றி நாலு பக்கமும் ஆணி. எண்ணிப் பார்த்தேன், சரியாக ஐம்பது.

"இதையெல்லாம் கேட்டிருக்கீங்களா தலைவரே?" என்று கேட்டேன்.

"கேக்குறதா? ஊசி பட்டா கீறல் விழாதா?" என்றார்.

அன்பர்களே, இதைவிடப் பெரிய பக்தி உண்டா? பாட்டைக் காப்பாற்றுவதற்காகப் பாட்டையே கேட்காமல் இருந்த ரசிகர்களை நீங்கள் எங்கேனும் கண்டதுண்டா?

அந்தச் சுவரில்தான் அந்தக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழாம் சட்டத்தில் அக்கா நீல உடையில், கடலுக்கு முன்னால் நிற்கிறார். மணி மூன்றே முக்கால். பதினைந்தாம் சட்டத்தில் பச்சை உடை, பின்னால் மலை. மூன்றே முக்கால். இருபத்திரண்டில் சிவப்பு உடை, ரயில் நிலையம். ரயில் எந்த நேரத்துக்கு வந்ததோ தெரியாது, அக்காவுக்கு மூன்றே முக்கால். முப்பதில் தோட்டம், நாற்பத்தொன்றில் மழை. உடை மாறியது, ஊர் மாறியது, பருவம் மாறியது, தலைப்பு மாறியது. கடிகாரம் மாறவில்லை. கடிகாரம்தான் நின்றுவிட்டதா? அல்லது யாரோ ஒரே படத்துக்கு ஐந்து முறை வண்ணம் அடித்தார்களா?

அந்த ஐந்தும் எங்கள் சரக்கறையிலும் இருந்தன. ஒவ்வொன்றாக ஓடவிட்டேன். ஐந்திலும் அதே எட்டுப் பாட்டு. மூன்றாவது பாட்டில், இரண்டாம் அடி முடியும் இடத்தில், ஒரு நாற்காலி கிறீச்சிடுகிறது. ஐந்து தட்டிலும் அதே இடம், அதே கிறீச். வயலின்காரரிடம் போய்க் கேட்டேன். இதோ இடப்பக்கம் அமர்ந்து தலையைக் குனிந்துகொள்கிறாரே, அவரிடம்தான்.

"அந்த நாக்காலி என்னுது பாப்பா. ஒரு கால் குட்டை. அந்த எடத்துல வில்லை இழுத்தா சாயும். எவனும் கவனிக்க மாட்டான்னு நெனச்சேன்" என்றார்.

ஐயா, லட்சம் பேர் கவனித்திருக்கிறார்கள். அந்தக் கணக்குக்கு இப்போது வருகிறேன்.

இசைத்தட்டின் நடுவளையத்தில், சுழல்கோடுகள் முடியும் வெற்றிடத்தில், ஊசியால் கீறிய ஓர் எண் இருக்கும். அது அந்தப் பதிவின் எண். உறையை மாற்றலாம், பெயரை மாற்றலாம், அந்தக் கீறலை யாரும் மாற்றுவதில்லை. விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். ஐந்திலும் ஒரே எண். அதே எண்ணில் ஆறாவதாக ஒரு தட்டும் அகப்பட்டது. திரும்பி வந்த சரக்குப் பெட்டியில், அடியிலும் அடியில். கறுப்பு வெள்ளைப் படம். கையில் கடிகாரம். அதுதான் அக்காவின் முதல் இசைத்தட்டு.

மன்றத்துக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆனால் எனக்குத் தெரியும். ஏன் தெரியும்? வேலை நடக்கும்போது ஒரு நாள் அக்கா சரக்கறைக்கு வந்தார். அட்டைப்பெட்டி மேலேயே உட்கார்ந்தார். மெதுவாகச் சொன்னார்.

"பாப்பா, என் முதல் தட்டை மட்டும் எழுதிடாத. அது ஓடல. எங்க அண்ணன் கடை கடையாத் தூக்கிட்டுப் போயி, அப்படியே திருப்பித் தூக்கிட்டு வந்தார். அதுக்கப்புறம் அந்தப் பாட்டை நான் எந்த மேடையிலயும் பாடுனதில்ல."

"அப்புறம் அது வேற பேர்ல வந்துச்சாக்கா?"

"என் தட்டை நானே கேக்க மாட்டேம்மா. தப்பு மட்டும்தான் காதுல விழும். உறையை நீட்டுவாங்க, கையெழுத்துப் போடுவேன்."

கேட்டீர்களா? ரசிகர்கள் கீறல் விழும் என்று கேட்கவில்லை. பாடியவர் தப்பு விழும் என்று கேட்கவில்லை. இரு பக்கமும் கேட்காத பாட்டை யார்தான் கேட்டார்கள்?

அதை அறியத்தான் இசைத்தட்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன். ஆறு தட்டின் எண்ணையும் தாளில் தேய்த்து எடுத்து அனுப்பினேன். நடுவில் தலைவரிடமும் உண்மையைச் சொன்னேன். ஐம்பது சட்டத்தில், அந்த ஐந்தும் எண் ஒத்துப்போன வேறு எட்டுமாகப் பதின்மூன்று, பழைய தட்டுக்குப் புதுச் சட்டை. மிச்சம் முப்பத்தேழு. அந்த முதல் தட்டைச் சேர்த்தால் முப்பத்தெட்டு.

தலைவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "பேனர் அடிச்சாச்சு பாப்பா. கேக்குல அம்பதுன்னு எழுதச் சொல்லியாச்சு. முப்பத்தெட்டுக்கு எவனாவது விழா எடுப்பானா? அம்பதுன்னே போடு."

முதலாளியிடம் போனேன். "பெட்டி அடுக்க வந்தியா, ஆராய்ச்சி பண்ண வந்தியா? தலைவர் சொன்ன மாதிரி போடு. இல்லன்னா வேற எடம் பாத்துக்கோ" என்றார். கோபத்தில் சொன்னாரா, உண்மையாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விழா முடிந்ததும் தெரிந்துவிடும்.

நான் முப்பத்தெட்டு என்றுதான் அச்சுக்குக் கொடுத்தேன்.

தலைவர் புத்தகத்தைப் புரட்டுகிறார். மெதுவாகப் புரட்டுங்கள் தலைவரே, தாள் மெல்லியது. அச்சுக்கு முன் சரிபார்க்க உங்களிடம் கொடுத்தேனே. உங்கள் புகைப்படம் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அருமை என்று கையெழுத்துப் போட்டீர்கள். கேக்கைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஐம்பது மெழுகுவர்த்தியில் பன்னிரண்டை முன்பே ஊதிவிடலாம்.

சிரிக்காதீர்கள் பெரியோர்களே. நான் இன்னும் முக்கியமானதற்கு வரவில்லை.

நிறுவனத்திடமிருந்து நேற்று மதியம் பதில் வந்தது. முதல் தட்டு, விற்றது அறுநூற்று நாற்பது. அக்கா சொன்னது சரி, அது ஓடவில்லை. பிறகு ஓடாத சரக்குக்குக் கடலைக் காட்டி வேறு பெயர் வைத்தார்கள். பதினெட்டாயிரத்து இருநூறு. மலையைக் காட்டினார்கள். இருபத்து நாலாயிரத்து அறுநூறு. ரயில், முப்பத்தோராயிரம். தோட்டம், ஒன்பதாயிரத்து நானூறு. மழை, இருபதாயிரத்து முந்நூறு. ஐம்பதாயிரம் விற்றால் வெள்ளித்தட்டு, லட்சம் விற்றால் தங்கத்தட்டு. தனித்தனியே எண்ணினால் இதில் எதற்கும் ஒன்றும் இல்லை. அக்கா வீட்டில் ஏழு வெள்ளித்தட்டுகள் இருக்கின்றன. தங்கம் ஒன்றுகூட இல்லை.

இப்போது கூட்டிப் பாருங்கள். பள்ளியை விட்டவள் கூட்டியதை நம்பவில்லை என்றால் பள்ளிக்குப் போனவர்கள் கூட்டுங்கள். ஒரு லட்சத்து நாலாயிரத்து நூற்று நாற்பது.

கடிதத்தின் கடைசி வரியைப் படிக்கிறேன். "ஆறும் ஒரே பதிவு என்பதை எண் கொண்டு உறுதி செய்தோம். இந்த இசைத்தட்டுக்குத் தங்கத்தட்டு உரியது. அடுத்த மாதம் நேரில் வந்து வழங்குவோம்."

அக்கா, "என்ன பாப்பா சொல்ற" என்று கேட்கிறார். அக்கா, எழுத வேண்டாம் என்றீர்கள், எழுதிவிட்டேன். முதல் பக்கத்தில், முதல் எண்ணில் எழுதியிருக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள், திருத்த மாட்டேன்.

ஓடவில்லை என்று நீங்கள் ஒதுக்கிய பாட்டு எங்கெல்லாம் ஓடியிருக்கிறது என்று தெரியுமா? தையல் கடையில் ஓடியிருக்கிறது. முடிவெட்டும் கடையில் ஓடியிருக்கிறது. குழந்தை தூங்காத வீட்டில் ஓடியிருக்கிறது. வாங்கியவர் யாருக்கும் அது தோற்ற பாட்டு என்று தெரியாது. தெரியாததால் கேட்டார்கள். கேட்டதால் பிடித்தது. பிடித்ததால் லட்சம் ஆனது. தோற்றது உங்கள் குரலா அக்கா? ஓர் உறை தோற்றது. ஒரே ஓர் உறை. அதற்காக எட்டுப் பாட்டை எத்தனை மேடையிலிருந்து இறக்கிவிட்டீர்கள்? ஐம்பது என்று உங்களைப் பெரிதாக்க நினைத்தவர்கள் ஒரு தங்கத்தை ஐந்து துண்டாக்கிவிட்டார்கள். முப்பத்தெட்டு என்று குறைத்து எண்ணியதால்தான் அது முழுதாகக் கிடைத்தது.

தலைவர் கைதட்டுகிறார். நான் எதிர்பார்க்கவில்லை. அக்கா தட்டவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, "எனக்கு அந்தப் பாட்டெல்லாம் மறந்தே போச்சேம்மா" என்கிறார்.

அதற்கு மேல் என் தாளில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பேச விட்ட முதலாளிக்கும், பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், கண்ணைத் திறந்துவிட்ட என் அம்மாவுக்கும், கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. வந்தபோது சொன்ன வணக்கத்தையே இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லி விடைபெறுகிறேன். வணக்கம்.

ஒலிபெருக்கி அண்ணா, ஊசியைத் துடைத்து வையுங்கள். கறுப்பு வெள்ளை உறையிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு உங்களிடம் வருகிறேன்.