மூன்றாவது விரல்

ஹலோ... ஹலோ, ரோகிணி சிஸ்டருங்களா?... ஆங், நான் சாராள் பேசுறேன், புதுப்பட்டினம். போன மாசம் எங்க சர்ச்சுல வாய்ப் புத்துநோய் கேம்ப்பு போட்டீங்களே... ஆமா, ஆமா, அதான். அட்டைல இந்த நம்பரு இருந்திச்சி.

...எனக்கில்ல சிஸ்டர். எனக்கின்னா, நல்லாத்தான் கீறேன். பயமில்லன்னு பச்ச அட்ட குடுத்தீங்களே, பைபிளுக்குள்ள வச்சிகினு கீறேன். இது எங்க வூட்டுக்காரருக்கு. பெஞ்சமினு.

...கன்னத்து உள்பக்கம். வெள்ளையா, தோசக்கல்லுல மாவு காஞ்சி ஒட்டிகினு கீற மாதிரி. தேச்சாலும் வரல... அஞ்சாறு மாசமா... வலி இல்ல, எரிச்சல்தான். கொழம்பு ஒரு வாய் வச்சா கண்ணுல தண்ணி வந்துருது எனக்கு... அவருக்கு. அவருக்கு சிஸ்டர்.

...பழக்கமா?... மாவா... ஆமா, பாக்கும் பொகையிலையும் கசக்குனதுதான். எட்டு வருசம் இருக்கும். எறா உரிக்கிற எடத்துல காலங்காத்தால ஐஸுல கைய வுட்டா, பசி தெரியக் கூடாது, நாத்தம் தெரியக் கூடாதுன்னு எல்லாருமே கன்னத்துல ஒதுக்கிப்பாங்க...

...அவரா? இல்ல, அவரு வெல்டரு... இல்ல சிஸ்டர், சும்மா சொன்னேன்...

இன்னாது? அவருக்கே போன் போடப் போறீங்களா? ஐயோ, வேணாம்! ஃபாரத்துல அவரு நம்பரையா குடுத்தேன்?... போடாதீங்க சிஸ்டர், உங்க கால்ல வுழறேன்...

...எனக்குத்தான்.

எனக்குத்தான் சிஸ்டர். அவரு வாயில ஒண்ணும் இல்ல.

...ஆமா, ஃபாரத்துல கீறது பொய்தான். பின்ன இன்னா பண்ணச் சொல்றீங்க? ஃபாரம் எழுதுனது எங்க பாஸ்டரம்மா. பின்னால பெண்கள் ஐக்கியம் மொத்தமும் லைன்ல நிக்குது. "பாக்கு, பொகையில உண்டா?"ன்னு கேட்டுட்டு, நான் பேசறதுக்குள்ள "நம்ம சாராளுக்கா!"ன்னு சிரிச்சிகினே, இல்லன்னு போட்டுட்டாங்க. டாக்டரு வாய இன்னும் நல்லா தொறன்னாரு. பல்லு வலின்னு மூடிக்கினேன்.

...ஏன்னா, எங்க வூட்டுக்காரரு குடிய வுட்டதுக்கு சபைக்கு முன்னால மைக்கு புடிச்சி சாட்சி சொன்னவ நான். அவரு ஒளிச்சி வச்ச பாட்டிலெல்லாம் தேடித் தேடி சாக்கடைல ஊத்துனவ. அன்னைக்குச் சாட்சி சொல்றப்பவும் கன்னத்துல மாவா இருந்திச்சி சிஸ்டர்.

...வாய் எவ்ளோ தொறக்குதுன்னு பாக்கணுமா, இப்பவேவா?... சரி, கண்ணாடி முன்னாடிதான் நிக்கிறேன். மூணு வெரல, ஒண்ணு மேல ஒண்ணா, பல்லுக்கு நடுவுல... ம்... ரெண்டு போச்சி. மூணாவது... ம்ம்... போவல. சிஸ்டர், போவல! நகத்தோட நிக்குது!

...செத்துருவனா?... சரி... சரி... கொஞ்சூண்டு சதை எடுத்துப் பாத்தாத்தான் தெரியுமா... புத்துன்னு இப்பவே சொல்ல முடியாதா... சரி சிஸ்டர், அழுவல. மாவாவ இன்னையோட வுடணும், சரி. நாளைக்குக் காலைல செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துர்றேன்.

...தொணைக்கா? அவர கூட்டினு வர முடியாது... உங்களுக்குப் புரியல சிஸ்டர். என்ன நம்பித்தான் அந்த மனுசன் மூணு வருசமா குடியத் தொடாம கீறாரு. நானே இப்படின்னு தெரிஞ்சி, திரும்பி அந்தக் கடைக்கே போயிட்டாருன்னா? வாயில கீற இதவிட எனக்கு அதுதான் சிஸ்டர் பயமா கீது...

...ஐயோ, வண்டி சத்தம். வந்துட்டாரு. வச்சிர்றேன்...

...ஹலோ? இருங்க, இருங்க. நீங்க வைக்காதீங்க.

ஏங்க... இங்க வாங்க. ஒண்ணும் கேக்காதீங்க. அந்த டார்ச்ச எடுங்க. என் வாயக் கொஞ்சம் பாருங்க...

...

...சிஸ்டர்... சொல்லிட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன்... இன்னும் என் வாயவே பாத்துகினு கீறாரு. டார்ச்ச அணைக்கல...

...இருங்க, ஏதோ கேக்குறாரு.

...மாவா பொட்டலத்த எங்க ஒளிச்சி வச்சிருக்கன்னு கேக்குறாரு, சாக்கடைல கொட்டுறதுக்கு.

வச்சிர்றேன் சிஸ்டர். எடுத்துக் குடுக்கணும்.