கை கழுவிட்டு உள்ள வாங்க

— சாவியக் குடு அம்சம்! எம்.எல்.ஏ. காரு வாய்க்கால் பாலத்துல திரும்பிருச்சாம். வேட்டுச் சத்தம் கேக்குதா இல்லியா?

— கேக்குது சார். ஆனா பின்னறைக் கதவத் தொறக்க மாட்டேன்.

— அட ஈஸ்வரா! இந்த முதியோர் இல்லத்துக்கு நான் மானேஜரா, நீ மானேஜரா?

— நீங்கதான் சார். ஆனா நர்சம்மா மருந்து வாங்க சீர்காழிக்குக் கிளம்பறப்ப சாவிய என் கையிலதானே குடுத்தாங்க. உள்ள நாலு பேருக்கு நேத்துலேர்ந்து வாந்தி பேதி. அவங்களக் கொண்டாந்து ஹால்ல ஒக்கார வச்சா, நல்லா இருக்கிறவங்களுக்கும் தொத்திக்கும்.

— எனக்கு மட்டும் தெரியாதா? டாக்டரு எங்கிட்டயும்தான் சொன்னாரு. இன்னிக்குன்னு பாத்து வரணுமா இது? இந்த எடம் யாரு எடம், சொல்லு.

— மிராசுதார் வீட்டு எடம். நில உச்சவரம்புச் சட்டத்துல உபரின்னு கவர்மெண்டு எடுத்தது.

— அந்த மிராசுதாரு வக்கீலு என்ன சொல்றான்? ‘இல்லத்துல ஆளே கெடையாது, பேருக்குப் போர்டு மாட்டி வச்சிருக்கான், எடத்தத் திருப்பிக் குடு’ங்கிறான். இன்னிக்கு எம்.எல்.ஏ.வும் தாசில்தாரும் கண்ணால பாத்தாத்தான் நமக்குப் பட்டா. நாலு தல கொறஞ்சா என்ன நெனப்பாங்க?

— ஜன்னலத் தொறந்து விடுறேன் சார், வெளிய நின்னு பாக்கட்டும். ராசம்மா ஆச்சி காலைல கண்ணு முழிச்சிருச்சு தெரியுமா? உப்புப் போட்ட கஞ்சித் தண்ணி வாங்கிக் குடிச்சிது. என்னைத் திட்டக் கூட செஞ்சிது சார்! அதுல எனக்கு எம்புட்டு சந்தோசம்! ஐயையோ, ஹால்ல தரையக் கழுவுனது யாரு?

— நான்தான் கழுவச் சொன்னேன். பெரிய மனுசன் வர்றப்ப பளபளன்னு இருக்க வேணாமா?

— ஈரம் நிக்கிது சார்! நாகநாதன் ஐயா எந்திரிக்கிறாரு பாருங்க. ஐயா, ஒக்காருங்க! ஒக்காருங்கய்யா, நான் வந்துட்டேன். என் தோளப் பிடிச்சுக்குங்க. ஆங், அப்படியே மெல்ல. தரை காயிற வரைக்கும் நாற்காலிய விட்டு எந்திரிக்கக் கூடாது, சரியா? வழுக்கி விழுந்தா இடுப்பெலும்பு போயிரும் சார்.

— சரி, தொடைக்கச் சொல்றேன். அட ஈஸ்வரா, காரு வந்து நின்னுருச்சு! மால எங்கய்யா? மால!

— என் தாய்க்குலமே! பெரியோர்களே! இராஜாங்கம் உங்க வீட்டுப் பிள்ளையா வந்திருக்கேன்! என்ன மானேஜர் காயாரோகணம், உள்ள வரலாமில்ல?

— வரணும் ஐயா, வரணும்! இது உங்க எடம்!

— ஒரு நிமிசம் ஐயா, அங்கேயே நில்லுங்க. இந்தாங்க வாளித் தண்ணி, சோப்பு. கை கழுவிட்டு உள்ள வாங்க. கூட வந்தவங்க வெளியவே இருக்கட்டும்.

— யாருய்யா இந்தப் பொண்ணு?

— நர்சுக்கு ஒத்தாசையா வேல பாக்குதுங்க ஐயா, அம்சம்னு பேரு. மன்னிச்சுருங்க, தெரியாமச் சொல்லிருச்சு.

— தெரிஞ்சுதான் சொல்றேன் சார். உள்ள நாலு பேருக்கு வாந்தி பேதிங்க ஐயா. தனியா வச்சுப் பாத்துக்கிறோம்.

— போச்சு! பட்டா போச்சு!

— சும்மா இரும்யா காயாரோகணம். தங்கச்சி, நான் யாரு தெரியுமா? இதே மிராசுதாரு வயல்ல கதிர் அறுத்தவன் மவன். அந்தாளு என்னை வாசல்லயே நிக்க வச்சான். மக்கள் ஓட்டுப் போட்டு ஜெயிச்சு வந்தப்புறமும் நீ என்னை வாசல்ல நிக்க வைக்கிறியா?

— எங்கப்பா வீரையனும் அதே வாசல்ல நின்னவருதாங்க. கூலி நெல்லு கூடக் கேட்டதுக்கு அடி வாங்கினவரு. அவங்க நாம யாருன்னு பாத்து நிறுத்துனாங்க. நான் கையத்தான் பாக்குறேன். கழுவிட்டா யாரு வேணா வரலாம். என் கையப் பாருங்க, கழுவிக் கழுவித் தோலு வெடிச்சுப் போயிருக்கு.

— ஊத்து.

— ஐயா?

— தண்ணிய ஊத்து தங்கச்சி! போட்டோக்காரத் தம்பி, இத நல்லா எடுய்யா. எப்படித் தேய்க்கணும், சொல்லு.

— விரலிடுக்கு, நகக்கண்ணு, மணிக்கட்டு வரைக்கும். மோதரத்தக் கழட்டிருங்க, அதுக்கடியிலதான் அழுக்கு ஒளிஞ்சுக்கும். ஆங், அப்படித்தான்!

— பாத்தீங்களா தாசில்தார்? ஆளே இல்லாத வீட்டுக்கு இப்படி ஒருத்தி காவ நிப்பாளா? அந்த வக்கீலு வந்து எங்கிட்டப் பேசட்டும். பட்டாவ எடுத்துக் காயாரோகணம் கையில குடுங்க.

— ஈஸ்வரா! ஐயா, நீங்க நல்லா இருக்கணும். அம்சம், அழுவாத. நானும்தான் அழுவுறேன்.

— நம்ம எடம் சார்! இனிமே நம்ம எடம்! ராசம்மா ஆச்சிகிட்ட ஜன்னல் வழியாச் சொல்லிட்டு வந்துர்றேன்!

— இரு தங்கச்சி, நானும் வர்றேன். ஹால்ல இருக்கிற தாய்மார் ஒவ்வொருத்தரையும் கட்டிப்பிடிச்சு ஒரு போட்டோ எடுத்துக்கணும். இப்ப வரலாமில்ல?

— வாங்கய்யா. ஒரே ஒரு கேள்வி பாக்கி. உள்ள வர்ற எல்லார்கிட்டயும் கேக்குறதுதான். உங்களுக்கு வயிறு நல்லா இருக்குங்களா?

— அம்சம்! எம்.எல்.ஏ.கிட்ட கேக்கிற கேள்வியா இது?

— சத்தம் போடாதய்யா, வாசல்ல கட்டுன மைக்ல விழுந்துரப் போவுது. தங்கச்சி, கிட்ட வா, ஒண்ணு சொல்றேன். வேணாம், வராத, அங்கேயே நில்லு. மயிலாடுதுறையிலேர்ந்து இங்க வர்றதுக்குள்ள சொம்பும் கையுமா எத்தன புளியமரத்தடியில எறங்குனேன்னு என் டிரைவரத்தான் கேக்கணும்.