மேப்பு ஐயாவின் திறக்காத படம்

தலைமை ஏற்றிருக்கும் அரிசி ஆலை அதிபர் ஆவுடையப்பன் அவர்களே, மறைந்த பங்கிராஸ் ஐயாவின் துணைவியார் ஜெபமாலையம்மாள் அவர்களே, ஓவியர் மன்றத்தில் என்னோடு மிச்சமிருக்கும் ஐந்து பேரே, மழை வரும் போலிருந்தும் வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

நான் ரத்தினவேல். கடைப் பலகையும் பஸ் நம்பரும் எழுதுகிறவன். எட்டாம் வகுப்பை மிகவும் பிடித்துப்போய் இரண்டு வருஷம் படித்தவன். இந்த உரையைக்கூட என் மகள் சொர்ணம்தான் திருத்தி எழுதித் தந்தாள். "அப்பா, தாளப் பாத்து மட்டும் படிங்க. சொந்தமாப் பேச ஆரம்பிச்சீங்கன்னா சனம் எந்திரிச்சுப் போயிரும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். முடிந்தவரை அவள் சொல்லைக் கேட்கிறேன்.

உள்ளதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பங்கிராஸ் ஐயாவோடு இந்த மன்றத்தையும் முடித்துக்கொள்வது என்று போன வாரம் கூடி எழுதினோம். அந்தத் தாளில் முதல் கையெழுத்து என்னுடையது. அதை அறிவிக்கத்தான் என்னை மேடை ஏற்றினார்கள்.

யார் இந்தப் பங்கிராஸ்? ஆவூரில் பிறந்தவர். சர்வே ஆபீஸில் நிலப்படம் போடும் டிராப்ட்ஸ்மேன். கண்மாய்க்கும் வயலுக்கும் கோடு போட்டே முதுகு வளைந்தவர். அதனால் ஜனங்கள் வைத்த பெயர் மேப்பு ஐயா. நம் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த மறு வருஷம் இந்த மன்றத்தை ஆரம்பித்தார். பட்டணத்தில் படம் மாட்ட மண்டபம் இருக்கிறது. நமக்கு என்ன இருந்தது? சந்தை இருந்தது. சந்தைத் திடலில் இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு கட்டிப் படத்தைத் தொங்கவிட்டவர் யார்? பங்கிராஸ் ஐயா. கந்தர்வக்கோட்டைக்கும் பொன்னமராவதிக்கும் படங்களைச் சாக்கில் சுற்றி பஸ் கூரையில் ஏற்றிப் போனவர் யார்? பங்கிராஸ் ஐயா. மழை வந்தபோது தன் குடையைப் படத்துக்குப் பிடித்துவிட்டுத் தான் நனைந்தவர் யார்? அதுவும் அவர்தான். என் குடையை நான் கொடுக்கவில்லை. எனக்கு அப்போது சளி பிடித்திருந்தது.

அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. வரைந்தவன் தன் படத்துக்குப் பக்கத்தில் தூரிகையோடு நிற்கவேண்டும். பார்க்கிறவர் குறை சொன்னால், அந்தச் சங்கதி தெரிந்தவர் சொல்வதாக இருந்தால், அங்கேயே திருத்தவேண்டும். இப்படி ஒரு சட்டத்தை வேறு ஓவியர் யாரும் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. போட்டிருந்தால் அவர் ஓவியராகவே நீடித்திருக்கமாட்டார்.

கந்தர்வக்கோட்டையில் நான் ஏர் உழும் மாடு வரைந்து தொங்கவிட்டேன். பெரியகருப்பன் என்று ஒரு விவசாயி வந்து நின்றார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"ஏர்ல பூட்டுன மாடு இப்படியாங்க தலைய நிமித்தும்? இது பொண்ணு பாக்கப் போற மாடு."

நாற்பது பேர் சிரித்தார்கள். மேப்பு ஐயா சிரிக்கவில்லை. "ரத்தினவேலு, தலைய எறக்குங்க" என்றார். இறக்கினேன். "இப்பத்தான் இழுக்குது" என்று சொல்லிவிட்டுப் பெரியகருப்பன் போனார். மறு வருஷமும் தேடி வந்து, "என்னங்க, உழுது முடிச்சிருச்சா?" என்று கேட்டார்.

எனக்குத்தான் அந்தச் சட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். மேப்பு ஐயா மாதாவைக் கைக்குழந்தையோடு வரைந்தார். பாதிரியார் செபம் சொல்லி மந்திரித்துக் கொடுத்த படம். பொன்னமராவதியில் அழகம்மாள் என்று ஒரு காய்கறிக்காரி, கூடையைக்கூட இறக்காமல் சொன்னாள்: "சாமி படம்ங்கிறீக. புள்ளைய இடுப்புல வைக்காம இப்படியா இடுக்குவாக? நழுவிரும்." நான் பயந்துபோனேன். அவரோ, "ஆத்தா, எப்படி வைக்கணும், காட்டுங்க" என்றார். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்துக் கடைக் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக் காட்டினாள். மந்திரித்த படத்தில் மாதாவின் கையை அவர் மாற்றி வரைந்தார். ஆவூரில் அவர் வீட்டில் இப்போது மாட்டியிருப்பது அந்தக் கைதான்.

பதிமூன்று வருஷம். எத்தனை சந்தை, எத்தனை பஸ் கூரை. உண்மையைச் சொன்னால் நாங்கள் களைத்துப்போனோம். இரண்டு பேர் மலேயா போய்விட்டார்கள். ஒருவர் கண் தெரியாமல் இருக்கிறார். மற்றவர்கள் என்னைப் போல, மாடிப்படி ஏறினாலே நின்று யோசிக்கிறவர்கள். அவர் இருந்தவரை ஓய்ந்துபோய் உட்காரக்கூட எங்களுக்கு வெட்கமாக இருந்தது. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அந்த வெட்கமும் போய்விட்டது. மூடுவதென்று எழுதினோம்.

அழைப்பிதழில் படத்திறப்பு என்று போட்டிருக்கிறோம். இதோ மேடையில் துணி போர்த்தி நிற்கிறதே, அதுதான் அவர் படம். வரைந்தது நான். அவருக்குப் போட்டோ கிடையாது. கல்யாணத்துக்குக்கூட எடுத்துக்கொள்ளாதவர். ஓவியர் மன்றம் நடத்தியவரை ஓவியர் ஒருவரும் வரைந்து வைக்கவில்லை என்பதை இப்போதுதான் கவனித்தோம். நினைவிலிருந்தே போட்டேன். முந்தாநாள் ஆவூருக்குக் கொண்டுபோய் ஜெபமாலையம்மாள் அக்காவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்கள்.

"கண்ணு அவுகளுதுதான் தம்பி. நெத்தியும் சரி. வாயி உங்களுதுல்ல?"

தாய்மார்களே, திருடன் அகப்பட்டான். வாய் நினைவுக்கு வராமல் கண்ணாடியைப் பார்த்துத்தான் போட்டிருந்தேன். அங்கேயே உட்கார்ந்து அழித்துவிட்டு வேறு வாய் போட்டேன். "இது தபால்காரர் வாயி" என்றார்கள். மூன்றாவது போட்டேன். "இது யாருமே இல்ல." நான்காவதைப் பார்த்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

"முப்பத்து மூணு வருசம் பாத்த வாயி. கண்ண மூடுனா வர மாட்டேங்குது தம்பி. ஒரே மாசத்துல எங்கிட்டுப் போச்சு?"

எனக்கும் வரவில்லையே.

பிறகு அவர்களே சொன்னார்கள்: "வீட்டுல அவுக எங்க பேசுனாக? சோறு, தண்ணி, அவ்வளவுதான். பேசுனதெல்லாம் சந்தையிலதான. அங்கிட்டுக் கொண்டுபோயிக் கேளுங்க. பாத்தவுக சொல்லுவாக. எனக்கு அந்த வாய மட்டும் கொண்டாந்து குடுங்க."

ஆகையால் தலைவர் அவர்களே, மன்னிக்கவேண்டும். படம் இன்று திறக்கப்படாது. துணிக்குள்ளே நெற்றி இருக்கிறது, கண் இருக்கிறது, வாய் இருக்கவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

இந்த மாதிரிக் கூட்டத்தில் சபதம் எடுப்பது வழக்கம். இதே மேடையில் நான் மூன்று பேருக்காகச் சபதம் எடுத்திருக்கிறேன். ஒருவருக்குச் சிலை, ஒருவருக்கு நூலகம், இன்னொன்று மறந்துவிட்டது. ஆகவே பெரிதாக எதுவும் சொல்லப் பயமாக இருக்கிறது. மூடும் தாளிலிருந்து என் கையெழுத்தை அடித்துவிட்டேன். மற்ற ஐந்து பேரையும் அப்படியே அடிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன், கட்டாயமில்லை. வருகிற பொன்னமராவதிச் சந்தைக்கு முதல் பஸ்ஸில் படங்களை ஏற்றுகிறேன். அதற்கு அடுத்த சந்தைக்கு? இப்போது கேட்காதீர்கள். இந்த ஒன்றுக்கு வருகிறேன் என்று மட்டும் ஐயாவின் பெயரால் உங்கள் முன்னால் உறுதி சொல்கிறேன்.

அவர் பேசிக் கேட்டவர்கள் அங்கே வந்து சொல்லுங்கள், வாய் இப்படி, உதடு இப்படி என்று. அழகம்மாள் கண்ணில் பட்டால் அவளிடமும் சொல்லி அனுப்புங்கள். நான் படத்துக்குப் பக்கத்தில் தூரிகையோடு நிற்பேன். கால் வலித்தால் மட்டும் கொஞ்சம் உட்கார்ந்துகொள்வேன்.