கசக்காத மாத்திரை

ஐயா, என் வாக்குமூலத்தை எழுதத் தொடங்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் இடது காதுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் கொசுவுக்காக நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. அது சாக்கடைக் கொசு. பந்தியில் உட்கார்ந்த சம்பந்தி மாதிரி உடம்பைச் சமமாக வைத்துக்கொண்டிருக்கிறது பாருங்கள். அது கடித்தால் மலேரியா வராது. யானைக்கால் வரலாம். அதற்கும் வருடக்கணக்கில் கடிபட வேண்டும். அதற்குள் உங்களுக்கு மாற்றல் வந்துவிடும்.

மலேரியாக் கொசு அப்படி உட்காராது. தலையைச் சுவரில் குத்திக்கொண்டு பின்புறத்தைத் தூக்கிக் காட்டும். மரியாதை தெரியாத ஜென்மம். பதினோரு வருடமாக அந்தப் பின்புறத்தைப் பார்த்துத்தான் நான் வயிறு வளர்த்தேன்.

என் பெயர் கருப்பண்ணன். மலேரியா ஒழிப்பில் பூச்சி பிடிப்பவன். விடிந்ததும் டார்ச்சும் கண்ணாடிக் குழாயுமாக வீடு வீடாகப் போய், சுவரில் சொக்கிக் கிடக்கும் கொசுவை வாயால் உறிஞ்சிக் குழாய்க்குள் இழுப்பது என் வேலை. குழாய்க்கு நடுவில் வலைத்துணி உண்டு. அது இல்லாவிட்டால் நான் தின்றிருக்கும் கொசுவுக்கு என்னைப் பல்லி இனத்தில் சேர்த்திருப்பார்கள். ரத்தம் குடித்த கொசுவின் வயிற்றை வடிதாளில் நசுக்கினால் ஒரு பொட்டு விழும். நம்பர் போட்டு அனுப்பினால், அது மனித ரத்தமா மாட்டு ரத்தமா என்று பரிசோதித்துச் சொல்லிவிடுவார்கள். கடிப்பதெல்லாம் பெண் கொசுதான். ஆண் பூந்தேன் குடித்துவிட்டுச் சும்மா திரியும். இதைச் சொன்னால் எல்லா ஊரிலும் ஆண்கள் சிரிப்பார்கள், பெண்கள் சிரிக்க மாட்டார்கள்.

எண்பத்து நான்காம் வருடம் சித்தேரி மலையடிவாரத்தில் கீழ்க்கொட்டாய்க்குப் போனேன். இருபத்திரண்டு வீடு, முப்பத்தெட்டு மாடு. ஓடை மணலில் குழிகுழியாகத் தெளிந்த தண்ணீர், அதில் கோடிக்கணக்கில் புழு. சுவரில் கொசு அப்பிக் கிடந்தது. ஆனால் ஊரில் காய்ச்சல் மட்டும் பேருக்குத்தான். ஏன் என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நூறு பொட்டு அனுப்பினேன். தொண்ணூற்று மூன்று மாட்டு ரத்தம் என்று பதில் வந்தது.

அப்போதுதான் விளங்கியது. இந்தக் கொசுவுக்கு நாக்கு மாட்டின்மேல். மனிதன் அதற்குப் பழைய சோறு. வேறு கதியில்லாவிட்டால்தான் தொடும். கீழ்க்கொட்டாயில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மாடு கட்டியிருந்தது. வருகிற கொசு வாசலிலேயே வயிறு நிரம்பி, உள்ளே வந்து சுவரில் ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது.

இதைப் பதினாறு பக்கம் எழுதி மேலதிகாரியிடம் கொண்டுபோனேன். அவர் போண்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் மூன்றாம் பக்கத்தில் எண்ணெயைத் துடைத்துவிட்டு, "மாட்டக் கடிச்சா மாட்டாஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லுய்யா. இங்க எதுக்கு வந்த?" என்றார். அறையிலிருந்த நாலு பேரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

நான் சொன்னது சரியா என்று பார்க்க ஒரே வழிதான் இருந்தது. வாசலில் மாடு இல்லாவிட்டால் கொசு என்ன செய்யும்? ஊரைவிட்டே போகலாம். பட்டினி கிடந்து சாகலாம். மனிதனைக் கடிக்கலாம். எது நடக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் செய்திருப்பேனா? தெரியாததால்தானே அதற்குச் சோதனை என்று பெயர்.

எண்பத்தைந்து அக்டோபரில், மழை விட்ட கையோடு கீழ்க்கொட்டாய்க்குப் போய் ஊரைக் கூட்டினேன். மாட்டுக் கொட்டகையால்தான் நோய் வருகிறது, பொழுது சாய்ந்ததும் மாடுகளை ஓடைக்கு அந்தப்புறம் பட்டி போட்டு அடைக்க வேண்டும், இது சர்க்கார் உத்தரவு என்றேன். உத்தரவு என்று காட்டியது பழைய மருந்து ரசீது. அதில் முத்திரை இருந்தது. முத்திரை இருந்தால் நம் ஜனங்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

இரண்டு பேர்தான் தயங்கினார்கள். ஒருவர் மாது, வண்டி மாடு வைத்திருப்பவர். இன்னொருத்தி அவர் சம்சாரம் பாஞ்சாலி. அந்த ஊருக்குப் போகும்போதெல்லாம் எனக்குக் களியும் கீரைக் குழம்பும் போட்டவள். நான் கொசு உறிஞ்சுவதைப் பார்த்து, "பீடி இழுக்கறாப்புல இழுக்கறீங்களேண்ணா, நெஞ்சுக்கு ஆவாதுங்க" என்பாள். அவளிடம் ஒரு செவலைப் பசு இருந்தது.

"களவு போனா ஆருங்க பொறுப்பு?" என்றார் மாது.

"காலைல வாசல்ல செவலையப் பாக்காட்டி எனக்கு விடிஞ்ச மாதிரியே இருக்காதுங்கண்ணா" என்றாள் பாஞ்சாலி.

விடிந்ததும் ஓட்டி வந்துவிடலாம் என்றேன். களவுக்குப் பயமென்றால் நானே பட்டியில் காவல் படுக்கிறேன் என்றேன். ஊருக்கே ஆச்சரியம். ஒரு கவர்மெண்ட் ஆள் அவர்கள் மாட்டுக்காகச் சாணி நாற்றத்தில் படுப்பதா? அதற்கு மேல் யாரும் தயங்கவில்லை. பாஞ்சாலிதான் முதலில் செவலையை அவிழ்த்துக் கொடுத்தாள்.

முதல் பதினைந்து நாள் ஒன்றுமில்லை. இந்த நோய்க்கிருமி கொசுவின் வயிற்றில் பத்துப் பன்னிரண்டு நாள் பக்குவப்பட வேண்டும், பிறகு மனிதன் உடம்பில் இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள். பிள்ளைப்பேறு மாதிரிதான், அவசரப்பட்டால் நடக்காது. இருபதாம் நாள் இரண்டு பேருக்குக் குளிர்காய்ச்சல். அடுத்த வாரம் ஒன்பது பேருக்கு. அரை மைல் மேலே மேல்கொட்டாய் என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கே மாடுகளை நான் தொடவில்லை. அங்கே ஒரே ஒருவருக்குத்தான் காய்ச்சல். இரண்டையும் காகிதத்தில் பக்கத்துப் பக்கத்தில் எழுதியபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

இங்கே மாத்திரை விஷயத்தைச் சொல்ல வேண்டும். அந்தப் பகுதி ஊழியர் பிரசவ விடுப்பில் போயிருந்தார். காய்ச்சல்காரர்களுக்கு விரலில் குத்தி ரத்தம் எடுப்பதும், குளோரோகுயின் கொடுப்பதும் அந்த ஆறு வாரம் என் தலையில் விழுந்தது. கொடுத்தால் காய்ச்சல் தணிந்துவிடும். ரத்தத்தில் கிருமி குறையும், கொசு எடுத்துப் போகவும் ஒன்றும் இருக்காது. சோதனை பாதியில் கெட்டுப்போகும். ஆகையால் ஆறு வாரம் முடியட்டும் என்று வைட்டமின் மாத்திரை கொடுத்தேன். அதுவும் உடம்புக்கு நல்லதுதான். குளோரோகுயின் டப்பா பட்டியில் என் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. ஒன்றைக்கூட விற்கவில்லை. என்மேல் அந்தக் குற்றச்சாட்டு வரக்கூடாது.

பாஞ்சாலிக்கு இருபத்தெட்டாம் நாள் காய்ச்சல் கண்டது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, நான் கொடுத்ததை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "போன வருசம் குடுத்தது வேம்பாட்டம் கசந்துச்சு. இது கசக்கவே இல்லீங்கண்ணா, நல்லாருக்குது" என்றாள். என் கையிலிருந்தே இன்னும் இரண்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அன்று காலையில் அவள் தலைமாட்டுச் சுவரில் ஒரு கொசு வயிறு சிவந்து உட்கார்ந்திருந்தது. உறிஞ்சினேன். வடிதாளில் அது அறுபத்து மூன்றாம் பொட்டு.

ஐந்தாம் நாள் விடியற்காலையில் மாது ஓடைக்குள் இறங்கி ஓடி வந்தார். அவளுக்கு வலிப்பு வந்து பேச்சு நின்றுவிட்டது என்றார். அரூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்ட வேண்டும், வண்டி மாடோ பட்டியில் இருந்தது. நான்தான் அவிழ்த்துக் கொடுத்தேன். டப்பா என் காலடியில் இருந்தது. குனிந்து எடுத்திருக்கலாம். ஆறு வாரத்துக்கு இன்னும் ஒன்பது நாள் பாக்கி இருந்தது. வழியிலேயே அவள் உயிர் போய்விட்டது. அன்று முழுவதும் நான் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை களியைத் தொட்டதில்லை. என்னைக் கல்நெஞ்சன் என்று எழுதிவிடாதீர்கள்.

அவளுக்கு முன்னால் ஒரு கிழவர். பின்னால் இரண்டு குழந்தைகள். மொத்தம் இருபத்தேழு பேருக்குக் காய்ச்சல், நாலு சாவு. ஆறு வாரம் முடிந்த அன்றே எல்லோருக்கும் கசப்பு மாத்திரை கொடுத்துவிட்டேன். கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். மாது சாமான்களை ஒதுக்கும்போது பாஞ்சாலியின் புடவை முடிச்சில் அந்த இரண்டு மாத்திரையும் இருந்தன. தருமபுரிக்குக் கொண்டுபோய் ஒரு டாக்டரிடம் காட்டினார். டாக்டர் நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார். பதினோரு வருடம் படாதபாடு பட்டு ஒரு உண்மையைக் கண்டுபிடித்தவனை ஒரு நாக்கு பிடித்துக் கொடுத்துவிட்டது.

பரிசோதனை முடிவு போன வாரம் வந்தது, என் சட்டைப் பையிலிருந்து நீங்கள் எடுத்த தாள் அதுதான். நூறு பொட்டில் எழுபத்தொன்று மனித ரத்தம். அறுபத்து மூன்றும் அதில் ஒன்று. நான் சொன்னது சரி. போண்டா தின்ற அதிகாரிக்கு ஒரு நகல் அனுப்பிவிடுங்கள். எப்போதாவது இது அச்சில் வந்தால், நன்றி சொல்லும் இடத்தில் பாஞ்சாலியின் பெயரைப் போடச் சொல்லுங்கள்.

கடைசியாக நீங்கள் கேட்ட கேள்வி. "இருபத்தேழு பேருக்கு வந்துச்சே, உனக்கு ஏன்யா ஒரு நாள்கூட காய்ச்சல் வரல?" என்றீர்கள். நான் ஊரில் படுக்கவில்லை ஐயா, பட்டியில் காவல் படுத்தேன். முப்பத்தெட்டு மாட்டுக்கும் நட்டநடுவில், செவலைக்குப் பக்கத்தில் என் கட்டில். காவல்காரன் கட்டிலை வாசலோரம்தானே போடுவான் என்கிறார் உங்கள் ஏட்டு. அவர் சொல்வது சரிதான். நான் நடுவில் போட்டேன். முதல் நாள் சாயங்காலமே அங்கேதான் போட்டேன்.